ஒரு கணினியிற் பல பதிப்புகள்

ஒரு நூலைக் கையில் எடுப்பவன் அதன் பெயரை மட்டும் அறிந்தால் அமையாது. அஃது எந்தப் பதிப்பு என்பதனையும் அறிதல் வேண்டும். ஒரே நூல் இருவேறு பதிப்புகளில் இருவேறு பாடங்களோடு வருதல் தமிழ் கற்றோர் யாவரும் அறிந்ததே. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றுதற்பொருட்டு ஏடுகளைத் தேடியும் ஒப்புநோக்கியும் உழைத்த உழைப்புப் பெரிது. "இந்நூலில் இவ்வாறு உள்ளது" என ஒருவர் கூறுமிடத்து, "எந்தப் பதிப்பில்?" என வினாவுதல் புலமைக்கு அடையாளமாகும்.

இதே வினா இக்காலத்துக் கணினிச் செய்நிரல்களைப் பற்றியும் எழுகின்றது. "ஐயா, வீட்டிலே சரியாக ஓடியது, ஆய்வுகூடத்திலே ஓடவில்லை" என முறையிடும் மாணவரைக் கணினி ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். பலவேளைகளிற் செய்நிரலிலும் பிழை இராது. கணினியிலும் பழுது இராது. ஈரிடத்தும் உள்ள மொழிமாற்றியின் பதிப்பு வேறாக இருக்கும், அவ்வளவே. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றுகின்றது, ஒரே கணினியிற் பல பதிப்புகளைத் தம்முள் முரணாது வைத்து ஆள்வது எங்ஙனம் என்பவற்றைப் பைதன் என்னும் மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். க. பொ. த. உயர்தரத்திலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் எம் மாணவர் கற்கும் மொழி அதுவாதலின் எடுத்துக்காட்டுப் பொருத்தமுடையதேயாம்.

மொழிமாற்றி என்பது யாது?

மனிதன் எழுதும் செய்நிரல், சொல்லும் எண்ணும் குறியும் விரவிய ஓர் உரையே. கணினி அவ்வுரையை நேரே உணரமாட்டாது. இடையே நின்று அதனை வாசித்து, அதன் கருத்தின்படி இயந்திரத்தைத் தொழிற்படுத்தும் மென்பொருளே மொழிமாற்றி எனப்படும். கணக்கிடுதல், கோப்புகளைத் திறத்தல், திகதியை அறிதல் முதலிய தொழில்களுக்குரிய நூலகம் ஒன்றும் அதனோடு சேர்ந்து வரும். இவ்விரண்டும் சேர்ந்த தொகுதியை ரன்ரைம் என வழங்குவர்.

செய்நிரலை மூலம் என்று கொண்டால், மொழிமாற்றியை உரையாசிரியர் எனலாம். திருக்குறளுக்கு மணக்குடவர் கண்ட உரையும் பரிமேலழகர் கண்ட உரையும் எல்லாவிடத்தும் ஒன்றாதல் இல்லை. மூலம் மாறாதிருப்பவும் உரை மாறியவழிப் பொருள் மாறுகின்றது. அவ்வாறே, ஓர் எழுத்தும் மாற்றப்படாத செய்நிரலும், மொழிமாற்றியின் பதிப்பு மாறியபோது வேறு விடை தருதல் கூடும்.

இரண்டாம் பைதனும் மூன்றாம் பைதனும்

பைதன் மொழியை நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் றொசம் என்பவர் 1989 ஆம் ஆண்டின் இறுதியில் அம்ஸ்ரர்டாம் நகரிலே ஆக்கத் தொடங்கினார். 1991 இல் அது பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் 2.0 என்னும் பதிப்பும், 2008 டிசெம்பரில் 3.0 என்னும் பதிப்பும் வெளிவந்தன. பொதுவாக ஒரு மொழியின் புதிய பதிப்பு, பழைய பதிப்புக்கு எழுதிய செய்நிரல்களை இயன்றவரை ஏற்றுக்கொள்ளும். மூன்றாம் பைதனோ, நெடுங்காலம் இருந்த குறைகள் சிலவற்றைக் களையும்பொருட்டு, பழையதோடு பொருந்தாமையை அறிந்தே மேற்கொண்டது. அப்பொருந்தாமை மூவகைப்படும்.

முதலாவது, உடனே வெளிப்படும் வேறுபாடு. திரையில் எழுதுக எனப் பணிக்கும் பிறின்ற் என்னும் சொல்லை இரண்டாம் பைதனில் அடைப்புக்குறி இன்றி வழங்கலாம். மூன்றாம் பைதனில் அடைப்புக்குறி இன்றியமையாதது. பழைய செய்நிரலைப் புதிய மொழிமாற்றியிடம் கொடுத்தவுடன் அது பிழை என்று கூறி நின்றுவிடும். இது தொல்லையாயினும் தீங்கன்று. நின்ற இடம் தெரிதலின் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, வெளிப்படாத வேறுபாடு. ஒரு மாணவன் இரு வினாத்தாள்களிற் பெற்ற புள்ளிகள் 68, 69 என்க. கூட்டுத்தொகை 137. அதனை இரண்டால் வகுக்குமாறு பணித்தால் இரண்டாம் பைதன் 68 என்னும்; மூன்றாம் பைதன் 68.5 என்னும். முழுவெண்ணை முழுவெண்ணால் வகுக்குமிடத்துப் பின்னத்தை விடுத்தல் முன்னையதன் வழக்கு; காட்டுதல் பின்னையதன் வழக்கு. ஈண்டுப் பிழைச் செய்தி ஒன்றும் தோன்றாது. செய்நிரல் ஓடி முடியும், விடையும் வரும், அவ்விடை வேறாக இருக்கும். மூவகையுள்ளும் பெரிதும் அஞ்சத்தக்கது இதுவே. அறிக்கையிலே அரைப்புள்ளி குறைந்த மாணவன், தன் குறைக்கு மொழிமாற்றியின் பதிப்புக் காரணம் என எங்ஙனம் அறிவான்?

மூன்றாவது, எழுத்தைப் பற்றிய வேறுபாடு. இது தமிழருக்கு நேரே உரியதாகலின் சிறிது விரித்துரைப்பாம். இரண்டாம் பைதனிற் சாதாரண மேற்கோட்குறிக்குள் எழுதிய உரை, பைற்றுகளின் வரிசையாகவே கொள்ளப்பட்டது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற்று போதும், யூ.ரி.எவ்.-8 என்னும் முறையிலே தமிழ்க்குறி ஒன்றுக்கு மூன்று பைற்றுகள் வேண்டும். ஆகவே "தமிழ்" என்னும் சொல்லின் நீளம் யாது என வினாவினால், அம்முறையிற் சேமித்த கோப்பில் இரண்டாம் பைதன் 15 என விடை தரும். மூன்றாம் பைதன் உரையை யூனிகோட் குறிகளின் வரிசையாகக் கொள்ளுதலின் 5 என விடை தரும்: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், மெய்ப்புள்ளி என்பன அவ்வைந்து. எம் இலக்கணத்தின்படி அச்சொல் மூன்றெழுத்துடையது. மூன்று என்னும் விடையைப் பெறுதற்கு ஓபன்-தமிழ் போன்ற ஒரு பொதியின் துணை வேண்டும். ஆயினும் 15 ஐ விட 5 உண்மைக்கு அணித்து. முன்னையதில் ஒரு சொல்லின் தொடக்கத்தை வெட்டியெடுத்தால், எழுத்தின் ஒரு பகுதி மட்டும் வந்து உருத்தெரியாத குறி தோன்றும். பின்னையதில் ஒரு முழுக்குறியேனும் கிடைக்கும்.

இதனால், பொருந்தாமையை மேற்கொண்டது வீண்செயல் அன்று என்பது தெளிவாகும். உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் ஆங்கில எழுத்தோடு ஒப்பவைத்தற்கு அது விலையாயிற்று. எனினும் விலையைக் கொடுப்பதற்குக் காலம் வேண்டுமன்றோ? பழைய செய்நிரல்கள் எண்ணிறந்தன. 2015 உடன் முடிவதாக இருந்த 2.7 பதிப்பின் ஆதரவு 2020 வரை நீட்டிக்கப்பட்டது, 2020 ஜனவரி 1 ஆம் நாள் அது முடிவுற்றது, 2.7.18 என்னும் இறுதி வெளியீடு அவ்வாண்டு ஏப்பிரலில் வந்தது. 2008 முதற் பதினோராண்டுக்கு மேலாக இரு பைதன்களும் ஒரே காலத்தில் வாழ்ந்தன. ஒரே கணினியில் இரண்டையும் வைத்தாளும் கலையை உலகம் அக்காலத்திலேதான் நன்கு பயின்றது.

அக்கலைக்கு இன்றும் தேவை நீங்கவில்லை. 2020 இல் வந்த 3.9 பதிப்பு முதலாக ஆண்டுதோறும் ஒக்ரோபரில் ஒரு புதிய பதிப்பு வருகின்றது. ஒவ்வொன்றிலும் சிறு மாற்றங்கள் உள. 2018 இல் வந்த 3.7 பதிப்பிலே எசின்க் என்னும் சொல் மொழிக்கே உரியதென ஒதுக்கப்பட்டமையால், அச்சொல்லைப் பெயராக வழங்கிய நூலகங்கள் தடுமாறின; செலரி என்னும் நூலகம் தன் பகுதியொன்றின் பெயரையே மாற்ற நேர்ந்தது. 2023 இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து டிஸ்ற்யூற்றில்ஸ் என்னும் பழைய பகுதி நீக்கப்பட்டது. அதனை நம்பிய செய்நிரல்கள் 3.11 இலே ஓடும், 3.12 இலே ஓடா.

பெயர் ஒன்று, பொருள் பல

கணினியிலே "பைதன்" எனக் கட்டளையிட்டால் எந்தப் பதிப்பு எழுந்து வரும்? இவ்வினாவுக்கு விடை அறியாதவரை எம்முறையும் பயன்படாது.

கட்டளையைப் பெறும் மென்பொருள் கணினி முழுவதையும் தேடுவதில்லை. பாத் எனப்படும் தேடுபாதை ஒன்று உண்டு. அது கோப்புறைகளின் பெயர்களை ஓர் ஒழுங்கிலே கொண்ட பட்டியல். யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளிற் பட்டியலின் முதற்கோப்புறையிலே அப்பெயருடைய செய்நிரல் உளதா எனப் பார்க்கப்படும். இல்லையெனின் இரண்டாவதிற் பார்க்கப்படும். எங்கு முதலிற் காணப்படுகின்றதோ அதுவே இயக்கப்படும். பின்னே எத்தனை இருப்பினும் அவை நோக்கப்படா. விண்டோஸ் முறைமையிலும் தேடுபாதை இவ்வாறே முன்பின் ஒழுங்கு உடையது. ஒரு வகுப்பிலே "தம்பி" என்று அழைத்தால் முன்வாங்கில் இருப்பவன் எழுந்து நிற்பது போன்றது இது.

ஆதலின் ஐயம் தோன்றியவிடத்து முதலிற் செய்யவேண்டியவை இரண்டு. எந்தக் கோப்புறையிலிருந்து வருகின்றது என வினாவுதல் ஒன்று; லினக்ஸில் விச் என்னும் கட்டளையும் விண்டோஸில் வேர் என்னும் கட்டளையும் இதற்கு உதவும். மொழிமாற்றியின் பெயருக்குப் பின் இரு சிறுகோடுகளோடு வேர்ஷன் என்னும் சொல்லைச் சேர்த்து அதன் பதிப்பெண்ணை வினாவுதல் மற்றொன்று. இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே செய்நிரலிற் பிழை தேடுதல் முறையாகும்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆர்ச் லினக்ஸ் என்னும் முறைமை 2010 இலேயே "பைதன்" என்னும் பெயரை மூன்றாம் பதிப்புக்கு அளித்தது. ஏனைய பல முறைமைகள் அப்பெயரை இரண்டாம் பதிப்புக்கே வைத்திருந்தன. ஒரே பெயர் ஓரிடத்தில் ஒன்றையும் மற்றோரிடத்தில் மற்றொன்றையும் குறித்தது. இதனாலே, எண்ணையும் சேர்த்துப் "பைதன்3" என வழங்குதல் நன்றென மொழியின் பொறுப்பாளர் அறிவுறுத்தினர். விண்டோஸ் முறைமைக்கு, 2012 இல் 3.3 பதிப்போடு "பை" என்னும் சிறு கட்டளை வந்தது. அதன்பின் ஒரு சிறுகோடும் வேண்டிய பதிப்பெண்ணும் எழுதினால் அப்பதிப்பே எழுந்து வரும். பெயரைத் தெளிவாகச் சொல்லுதலே பாதிச் சிக்கலை நீக்கிவிடும்.

முறைமைக்கு உரியதைத் தொடாமை

பதிப்புகளை ஆள்வோர் பேணவேண்டிய விதிகளுள் தலையாயது, பணிசெயல் முறைமை தனக்கென வைத்திருக்கும் மொழிமாற்றியை மாற்றாமையும் நீக்காமையுமாகும்.

லினக்ஸ் முறைமைகள் பலவற்றிலே முறைமையின் சொந்தக் கருவிகள் சில பைதனில் எழுதப்பட்டவை. அவை குறித்த ஒரு பதிப்பை நம்பியிருப்பவை. சென்ற்ஓஎஸ் 7 என்னும் முறைமை 2014 முதல் 2024 வரை ஆதரவோடு வழக்கில் இருந்தது. அதிலே மென்பொருள்களை நிறுவும் யம் என்னும் கருவி இரண்டாம் பைதனில் எழுதப்பட்டிருந்தது. புதுமை விரும்பிய சிலர், "பைதன்" என்னும் பெயர் மூன்றாம் பதிப்பைச் சுட்டுமாறு முறைமையின் கோப்புறையிலேயே மாற்றிவிட்டனர். மறுகணம் யம் இயங்க மறுத்தது. காரணம் வியப்பானது. பிழை நேருங்கால் என்செய்வது எனக் கூறும் எக்செப்ற் வரியிலே, இரண்டாம் பைதன் ஏற்கும் ஒரு காற்புள்ளி இருந்தது. மூன்றாம் பைதன் அவ்விடத்தில் "ஏஸ்" என்னும் சொல்லையன்றிக் காற்புள்ளியை ஏற்பதில்லை. ஒரு காற்புள்ளியால் ஒரு கருவி முழுவதும் செயலற்றது. புதிதாக ஒன்றை நிறுவித் திருத்தலாமோ எனின், நிறுவும் கருவியே அதுவன்றோ?

மொழிமாற்றி மட்டுமன்று, அதனோடு சேரும் பொதிகளும் இத்தகையனவே. பிப் என்னும் கருவியால் முறைமையின் பைதனுக்குள் நேரே பொதிகளை நிறுவினால், முறைமையின் கருவிகள் நம்பியிருந்த பொதி வேறொரு பதிப்பால் மறைக்கப்படலாம். இதனை நோக்கி, 2023 இல் வந்த டெபியன் 12 முதலாய முறைமைகள் அவ்வாறு நிறுவ முயல்வோரை மறுத்து நிறுத்துகின்றன. மறுப்பை மீறுதற்கு ஒரு வழி உண்டு. ஆனால் அவ்வழியின் பெயரே "முறைமைப் பொதிகளை உடைத்திடுக" எனப் பொருள்படுவது. பெயரை வாசித்தபின்னும் அதனைத் தட்டுபவர் பிறர்மீது குறைகூறுதல் ஒண்ணாது.

அருகருகே வைத்தல்

இனி, பழையதை நீக்காமலே புதியதை அதன் அருகில் வைக்கும் வழியைக் காண்பாம். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக்கோப்புறை இருத்தல் வேண்டும். எதனை அழைப்பது என்பது வேலை நோக்கித் தீர்மானிக்கப்படுதல் வேண்டும். இவ்விரண்டுமே இம்முறையின் உயிர்நாடி.

லினக்ஸ், மக் முறைமைகளிலே இதற்கெனப் பைஎன்வ் என்னும் கருவி பெரிதும் வழங்குகின்றது. ரூபி மொழிக்கு எழுந்த ஆர்பிஎன்வ் என்னும் கருவியிலிருந்து பிறந்தது இது. பயன்படுத்துபவரின் சொந்தக் கோப்புறைக்குள் இது 3.11 ஐ ஓரிடத்திலும் 3.13 ஐ வேறோரிடத்திலுமாகப் பதிப்புகளை வைக்கும். முறைமையின் பைதன் தொடப்படுவதில்லை. தேடுபாதையின் முன்னிலையிலே தன் சிறு கோப்புறை ஒன்றை இது வைத்திருக்கும். அங்கே பைதன் என்னும் பெயரோடு இருப்பது மொழிமாற்றி அன்று. வாயிலிலே நிற்கும் காவலாளன் போன்ற ஒரு சிறு நிரலே. அக்காவலாளன் "இவ்வேலைக்கு எந்தப் பதிப்பு?" என ஆராய்ந்து, உரியதை அழைத்துவிடுவான்.

அவன் ஆராயும் ஒழுங்கு அறியத்தக்கது. இப்போது திறந்துள்ள கட்டளைச் சாளரத்துக்கென ஒரு பதிப்புக் குறிக்கப்பட்டுள்ளதா என முதலிற் பார்ப்பான். இல்லையெனின், நாம் நிற்கும் கோப்புறையிலே பைதன்-வேர்ஷன் என்னும் பெயருடைய, ஒரு புள்ளியோடு தொடங்கும் சிறு கோப்பு உளதா எனப் பார்ப்பான். அங்கும் இல்லையெனின் மேற்கோப்புறை, அதற்கும் மேற்கோப்புறை எனச் செல்வான். எங்கும் இல்லாதபோது பொதுவிதியாகக் குறிக்கப்பட்ட பதிப்பையும், அதுவும் இல்லாதவழி முறைமையின் பதிப்பையும் கொள்வான். சிறப்புவிதி பொதுவிதியை விலக்கும் என்னும் இலக்கண நெறியே ஈண்டும் ஆளுகின்றது எனலாம்.

பைஎன்வ் வழக்கமாக மூலநிரலை வருவித்துக் கணினியிலேயே தொகுத்து நிறுவுதலின், பழைய கணினிகளில் நேரம் செல்லும். தொகுத்தற்குரிய கருவிகளும் வேண்டும். 2024 இல் வெளிவந்த யூவி என்னும் கருவி, முன்னரே தொகுத்துவைத்த பதிப்புகளை வருவித்துத் தருதலின் விரைவுடையது. வேறு மொழிகளுக்கும் இத்தகைய கருவிகள் உள. நோட் என்னும் ஜாவாஸ்கிரிப்ற் இயக்கத்துக்கு 2010 இல் தோன்றிய என்.வி.எம். என்பது காவலாளனை நிறுத்தாமல், திறந்துள்ள சாளரத்தின் தேடுபாதையையே மாற்றிவிடும். வழி வேறாயினும் நெறி ஒன்றே.

பொதிகளுக்குத் தனியிடம்

மொழிமாற்றிகளைப் பிரித்து வைத்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. ஒரே பதிப்பைக் கொண்ட இரு செயற்றிட்டங்கள் ஒரே பொதியின் இருவேறு பதிப்புகளை வேண்டலாம். எடுத்துக்காட்டாக, கணித்தற்கு உதவும் நம்பை என்னும் பொதியின் 2.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தது. அதற்கு முந்திய நம்பையோடு சேர்த்துத் தொகுக்கப்பட்டிருந்த பிற பொதிகள் பல, மீளத் தொகுக்கப்படும்வரை அதனோடு இயங்கவில்லை. ஒரு செயற்றிட்டம் பழையதையும் மற்றொன்று புதியதையும் வேண்டுமிடத்து, இரண்டுக்கும் பொதுவிடம் ஒன்றாயின் ஒருவர் நிறுவியதை மற்றவர் நீக்கும் நிலை உண்டாகும்.

இதற்கென, 3.3 பதிப்பு முதல் வென்வ் என்னும் வசதி பைதனோடு உடன்வருகின்றது. இது செயற்றிட்டத்தின் கோப்புறைக்குள் ஒரு தனிச்சூழலை அமைக்கும். சூழலுக்குள் நிறுவும் பொதிகள் அச்சூழலுக்கே உரியன, வெளியே செல்லா. எந்தப் பதிப்பைக்கொண்டு சூழலை அமைத்தோமோ அப்பதிப்பே அதற்குள் இயங்கும். சூழலுள் நுழைதல் என்பது மாயம் ஒன்றும் அன்று; தேடுபாதையின் முன்னே அச்சூழலின் கோப்புறையை வைத்தலேயாகும். மேலே கூறிய தேடல் ஒழுங்கை உணர்ந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இங்கே மாணவர் மனங்கொள்ளவேண்டியவை மூன்று. முதலாவது, சூழல் தனக்கென முழு மொழிமாற்றியைக் கொண்டதன்று. அடிப்படையாய பதிப்பைச் சார்ந்தே நிற்கும். அடிப்படையை நீக்கினாற் சூழலும் பயன்படாது போகும். இரண்டாவது, சூழலின் உள்ளே கோப்புறைகளின் முழுமுகவரி எழுதப்பட்டிருத்தலின், அதனைப் பென்றைவிலே பிரதிசெய்து வேறு கணினிக்குக் கொண்டுசெல்லுதல் நம்பத்தக்க முறையன்று. கொண்டுசெல்லவேண்டியது செய்நிரலும் பொதிப் பட்டியலும். சூழலைச் சென்றவிடத்திலே புதிதாக அமைத்தல் வேண்டும். மூன்றாவது, பிப் எனத் தனியே கட்டளையிடாது, வேண்டிய பைதனின் பெயரை முன்வைத்து, அதன் வாயிலாகப் பிப்பை அழைத்தல் நன்று. எந்தப் பதிப்புக்குப் பொதி சேர்கின்றது என்பதில் அப்போது ஐயம் இராது.

ஓர் ஆய்வுகூடத்தை எண்ணிப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பினர் டிஸ்ற்யூற்றில்ஸை நம்பும் பழைய செயற்றிட்டம் ஒன்றைத் தொடர்கின்றனர், அதற்கு 3.11 வேண்டும். பதின்மூன்றாம் வகுப்பினர் 3.13 இலே புதிதாக ஒன்றைத் தொடங்குகின்றனர். இரு வகுப்பினரும் காலையும் மாலையும் அதே கணினியின் முன் அமர்வர். முறைமையின் பைதன் அப்படியே இருக்க, இரு பதிப்புகளும் அருகருகே நிறுவப்படுகின்றன. முதற்கோப்புறையின் சிறு கோப்பில் 3.11 எனவும், இரண்டாவதன் சிறு கோப்பில் 3.13 எனவும் எழுதப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் அவ்வப்பதிப்பைக்கொண்டு ஒரு சூழல் அமைகின்றது. அதன்பின் எவரும் எவருடைய வேலையையும் கெடுத்தற்கு இடமில்லை. சேமிப்பிடத்தில் ஒரு பதிப்புக்குச் சில நூறு மெகாபைற்று செலவாகலாம். கெட்டுப்போன ஒரு தவணை உழைப்போடு ஒப்பிடுமிடத்து அது செலவே அன்று.

எழுதிவைத்தல்

மேற்கூறிய யாவும் ஒருவர் நினைவில் மட்டும் இருப்பின் பயனில்லை. இவ்வாண்டு செயற்றிட்டம் செய்தவர் அடுத்த ஆண்டு கல்லூரியை விட்டுச் செல்வர். அவர்பின் வருபவர் கையில் எஞ்சுவது கோப்புறை ஒன்றே. அக்கோப்புறையிலே மூன்று குறிப்புகள் இருத்தல் வேண்டும்: மொழிமாற்றியின் பதிப்பெண், பொதிகளின் பெயரும் ஒவ்வொன்றின் திட்டமான பதிப்பெண்ணும், சூழலை அமைத்து இயக்கும் வகையைக் கூறும் நாலைந்து வரிகள். பொதிப் பட்டியலைப் பிப் கருவியே வெளியிட்டுத் தரும். அதனைக் கோப்பாகச் சேமித்தால் அமையும்.

"புதிய பதிப்பு எதுவாயினும் ஆகும்" என எழுதுதல் எழுதாமைக்கு ஒப்பானது. ஏனெனின் புதியது என்னும் சொல் ஆண்டுதோறும் வேறொன்றைக் குறிக்கும். 137 ஐ இரண்டால் வகுத்த விடையிலே 68 உம் 68.5 உம் வந்ததை முன்னர்க் கண்டோம். எந்தப் பதிப்பிலே கணித்தோம் என்னும் குறிப்பு இல்லாதவிடத்து, எண் மட்டும் எஞ்சும். அதன் பொருள் எஞ்சாது.

பழையதை விடுங் காலம்

பழைய பதிப்பை என்றும் வைத்திருக்கலாமோ? அதுவும் ஆகாது. 3.9 முதலான பதிப்புகளுக்கு வெளிவந்த நாளிலிருந்து ஐந்தாண்டு ஆதரவு உண்டு. அதன்பின் காணப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு மொழியின் பொறுப்பாளர் திருத்தம் வெளியிடார். இணையத்திலே பிறர்க்குப் பணிசெய்யும் செய்நிரலை அத்தகைய பதிப்பில் வைத்திருத்தல், பூட்டுப் பழுதான வாயிலைத் தெருவை நோக்கித் திறந்துவைத்தல் போலாம்.

பல பதிப்புகளை அருகருகே வைப்பதன் சிறந்த பயன் இங்கேதான் வெளிப்படுகின்றது. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே, புதியதிலே ஒரு சூழலை அமைத்து, அதே உள்ளீட்டைக் கொடுத்து, இரு விடைகளையும் ஒப்புநோக்கலாம். ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் செய்வதும் இதுவே. விடைகள் ஒத்தால் மாறலாம். ஒவ்வாதாயின் காரணம் கண்டு திருத்தியபின் மாறலாம். நன்கு ஒப்புநோக்கிய பின்னர்ப் பழையதை நீக்குதலில் இழப்பு ஏதும் இல்லை. ஒப்புநோக்காது நீக்குதல் துணிச்சல். அச்சத்தால் என்றும் நீக்காதிருத்தல் சோம்பல். இவ்விரண்டும் அல்லாத நடுநெறியே கொள்ளத்தக்கது.

தொகுத்துக் கூறின், பெயரைப் பதிப்பெண்ணோடு சொல்லுக; எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்தபின் தொடங்குக; முறைமைக்குரியதைத் தொடாதொழிக; பதிப்புகளை அருகருகே வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரியதைக் கோப்பில் எழுதிவைக்க; பொதிகளைத் தனிச்சூழலில் நிறுவுக; ஒப்புநோக்கியபின் பழையதை விடுக. ஆறு விதிகளே ஆயினும், ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் எம் போன்ற கல்லூரிகளில் இவை ஒழுக்க விதிகளும் ஆகும். தன் வசதிக்காகப் பொதுவிடத்தை மாற்றாமை, தனக்குமுன் வந்தவர் உழைப்பைக் கெடுக்காமை, தனக்குப்பின் வருபவர் தொடர்தற்கு வேண்டிய குறிப்பை விட்டுச் செல்லுதல் என்பனவே அவற்றின் சாரம். மாணவர் இவற்றை இளமையிலே கைக்கொள்வாராயின், அவர் இன்று எழுதும் செய்நிரலை இனிவரும் வகுப்பினரும் திறந்து, ஓட்டி, மேலும் வளர்ப்பர்.